ஒன்பது ஆண்டில் எழுந்த கோயிலுக்கு நாற்பது ஆண்டாகப் பழுதுபார்ப்பு ஏன்? ஏதென்ஸ் அக்ரோபொலிஸ்: ஒரு விளக்கம்

2025 அக்டோபரில் ஏதென்ஸ் நகரின் பார்த்தெனான் கோயிலில், மேற்கு முகப்பை மறைத்திருந்த சாரம் பிரிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாகச் சாரம் இல்லாத பார்த்தெனானை யாரும் பார்த்ததில்லை என்பதால் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. வேலை முடிந்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் முடியவில்லை. கொஞ்ச நாளில் வேறொரு இலேசான சாரம் ஏறும் என்று கிரேக்கப் பண்பாட்டு அமைச்சர் லீனா மெண்டோனி அப்போதே சொல்லியிருந்தார்.

குழப்பம் நியாயமானதுதான். பார்த்தெனானைக் கட்டத் தொடங்கியது கி.மு. 447. கி.மு. 438-இல் உள்ளே அத்தேனா தேவியின் சிலையை நிறுவிவிட்டார்கள். சிற்ப வேலை கி.மு. 432 வரை நீண்டது. அதாவது கட்டடம் எழ ஒன்பது ஆண்டு, அலங்காரத்துக்கு இன்னும் ஆறு. இன்றைய சீரமைப்போ 1980-களில் தொடங்கி இன்னும் நடக்கிறது. கிரேனும் கணினியும் லேசரும் இருக்கும் காலத்தில் ஏன் இவ்வளவு தாமதம்?

இப்போது அங்கே நடப்பதில் பெரும்பகுதி, முன்பு நடந்த பழுதுபார்ப்பைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை. இதைப் புரிந்துகொள்ள, கோயில் நிற்கும் அக்ரோபொலிஸ் கோட்டை எதன்மேல், எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## அக்ரோபொலிஸ் வேறு, பார்த்தெனான் வேறு

இரண்டையும் ஒன்றாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அக்ரோபொலிஸ் என்றால் நகரத்தின் உச்சி, அதாவது மலைக்கோட்டை. பார்த்தெனான் அந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஒரு கோயில். வாயில் மண்டபமான ப்ரொபிலேயா, பெண்ணுருவத் தூண்கள் தாங்கும் எரெக்தியம், வாயிலருகே கொத்தளத்தின் மேல் நிற்கும் சிறிய அத்தேனா நைக்கி கோயில் ஆகியவை மற்ற முக்கியக் கட்டடங்கள்.

குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 156 மீட்டர். மேல்தளத்தின் பரப்பு சுமார் 3 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழரை ஏக்கர் அளவு. மேலே கெட்டியான சுண்ணாம்புப் பாறை, அதன் அடியில் அதைவிட மென்மையான ஏடு ஏடான பாறை. அடிப்பாறை அரிக்க அரிக்க, மேல்பாறையின் ஓரம் பிடிமானமின்றித் துருத்தி நிற்கும், பிறகு பிளந்து விழும். அதனால் 1970-களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள், தளர்ந்த பாறைகளைத் துளையிட்டு ஆழத்திலுள்ள உறுதியான பாறையோடு உலோகத் தண்டுகளால் இறுக்கினார்கள். கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாத வேலை இது. இது நடக்காமல் மேலே எத்தனை தூண் நிறுத்தினாலும் பயனில்லை.

## சுவர்: வெளியே அரண், உள்ளே அணை

இது முதலில் கோட்டைதான். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில், மைசீனியர் என்ற வெண்கலக்காலக் கிரேக்கர்களின் காலத்தில், குன்றைச் சுற்றி 760 மீட்டர் நீளத்துக்குப் பெருங்கல் சுவர் எழுந்தது. தடிப்பு மூன்றரை முதல் ஆறு மீட்டர், உயரம் சில இடங்களில் பத்து மீட்டர் வரை. செதுக்காத பெரும் பாறைகளை அடுக்கி, இடுக்குகளில் சிறு கற்களைச் செருகிய சுவர். முற்றுகைக் காலத் தண்ணீருக்காக, வடபுறப் பாறைப் பிளவுக்குள் படிகள் அமைத்து அடியில் கிணறும் தோண்டியிருந்தார்கள்.

கி.மு. 480-இல் பாரசீகப் படை கோட்டையை எரித்தது. அப்போது பார்த்தெனானுக்கு முந்தைய ஒரு கோயில் பாதி கட்டிய நிலையில் நின்றது. அதன் தூண் உருளைகளை ஏதென்ஸ்காரர்கள் தூக்கி எறியவில்லை. புது வடசுவரில், ஊரிலிருந்து பார்த்தால் தெரியும்படி வரிசையாகப் பதித்தார்கள். இன்றும் அவை அங்கே இருக்கின்றன. நைக்கி கோயில் நிற்கும் கொத்தளமும் இப்படித்தான். மைசீனியர் கொத்தளத்தின் மேல் புதுக் கல் போர்த்தும்போது, உள்ளிருக்கும் பழைய கல் தெரிய ஒரு திறப்பை விட்டார்கள். பழையதை மதித்துக் காட்டும் பழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

தெற்குச் சுவரின் வேலை வேறு. குன்று தெற்கே சரிவதால், உயரமான சுவர் எழுப்பி உள்ளே மண்ணும் கல்லும் கொட்டி மேட்டைச் சமன் செய்தார்கள். பார்த்தெனானின் தென்புற அடித்தளம் பாறையைத் தொட சுமார் 11 மீட்டர் இறங்குகிறது. ஆக, தெற்குச் சுவர் எதிரியைத் தடுப்பதைவிட உள்ளே இருக்கும் மண்ணைத் தாங்குவதுதான் அதிகம். மழை பெய்து மண் ஊறினால் அதன் எடை கூடும். நீர் வெளியேற வழியில்லையென்றால் அந்த அழுத்தம் முழுக்கச் சுவர்மேல் இறங்கும். குளத்தங்கரை உடைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு கூடுதல் சிக்கல். 1885 முதல் 1890 வரை நடந்த பெரிய அகழாய்வில், மேல்தளம் முழுவதையும் பாறை தெரியும் வரை தோண்டிவிட்டு, அந்த மண்ணையே திரும்பக் கொட்டினார்கள். நூற்றாண்டுகளாக இறுகிக் கிடந்த மண்ணும், தோண்டிப் போட்ட மண்ணும் ஒன்றல்ல. இப்போது சுவரில் கண்ணாடியிழை உணரிகள் வைத்து அசைவை அளக்கிறார்கள். நிலநடுக்க அளவிகளும் உண்டு.

## ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஓர் இடம்

தாமதத்தின் முதல் காரணம் பார்த்தெனானின் வடிவத்திலேயே இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் நேர்க்கோடு. அளந்தால் நேர்க்கோடே கிடையாது.

1. தூண்கள் நிற்கும் மேல்தளம் 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். அது தட்டையல்ல. நடுப்பகுதி நீளவாட்டில் 11 சென்டிமீட்டரும், அகலவாட்டில் 6 சென்டிமீட்டரும் மேலே வளைந்திருக்கிறது. மழைநீர் ஓடவும் இது உதவும்.

2. வெளித்தூண்கள் 46. ஒவ்வொன்றும் சுமார் 10.4 மீட்டர் உயரம். எல்லாமே சில சென்டிமீட்டர் உட்புறம் சாய்ந்தவை. மூலைத்தூண்கள் மற்றவற்றைவிடச் சற்றே பருமன்.

3. ஒவ்வொரு தூணும் பத்துப் பன்னிரண்டு உருளைகளின் அடுக்கு. தூண் மேலே போகப்போக ஒடுங்குகிறது, ஆனால் நேராக ஒடுங்காமல் நடுவில் இலேசாகப் புடைத்து ஒடுங்குகிறது.

தளம் வளைந்து, தூண் சாய்ந்தால், அடி உருளையின் கீழ்முகம் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் கூடவும் மறுபக்கம் குறையவும் வேண்டும். மேலே உத்தரக் கல்லும் அப்படியே. எனவே வரிசையில் ஐந்தாவது தூணின் மூன்றாவது உருளையை எட்டாவது தூணில் வைத்தால் உட்காரும், ஆனால் பொருந்தாது. எங்கோ ஒரு முனை மட்டும் பாரம் வாங்கும். அந்த முனைதான் பிறகு தெறிக்கும்.

## சாந்து இல்லாத கட்டுமானம்

கல் பென்டெலிக் பளிங்கு. ஏதென்ஸிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியுள்ள மலையிலிருந்து வந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்போ சாந்தோ கிடையாது. தொடும் முகத்தின் ஓரங்களை மட்டும் இழைத்து, நடுப்பகுதியைச் சற்றே பள்ளமாகக் கொத்திவிடுவார்கள். முழு முகத்தையும் சமமாக இழைப்பதைவிட இது எளிது. விளிம்புகளும் மயிரிழை நெருக்கத்தில் சேரும்.

கற்கள் நகராமல் இருக்க இரும்பு. பக்கத்துக் கல்லோடு இணைக்க இரட்டை 'டி' வடிவப் பற்றுக்கட்டை, மேல்கல்லோடு இணைக்கச் செங்குத்து முளை. இரண்டு கல்லிலும் பாதிப் பாதியாகக் குழி வெட்டி, இரும்பை வைத்து, சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். தூண் உருளைகளுக்கு நடுவில் மட்டும் மரக்கட்டையும் மரமுளையும்.

சூட்சுமம் அந்த ஈயத்தில்தான். இரும்பை அது முழுக்கப் போர்த்துவதால் காற்றும் ஈரமும் உள்ளே போகாது. மென்மையான உலோகம் என்பதால், பூமி அதிர்ந்தால் இரும்பின் உதையைத் தான் வாங்கிக்கொள்ளும். ஈயம் அப்படியே இருந்த இடங்களில் இரண்டாயிரத்து நானூறு ஆண்டு பழைய இரும்பும் பெரும்பாலும் கெடவில்லை. கெட்டது, நெருப்பிலும் வெடிப்பிலும் ஈயப்போர்வை கிழிந்த இடங்களில்.

நெருப்பும் வெடிப்பும் நிறையவே நடந்தன. அவற்றில் பெரியது 1687 செப்டம்பர் 26. அப்போது ஏதென்ஸை ஆண்ட உஸ்மானியத் துருக்கியர் பார்த்தெனானை வெடிமருந்துக் கிடங்காக்கியிருந்தார்கள். முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு அதில் விழ, நடுப்பகுதி இரண்டு பக்கமும் சிதறியது. அடுத்து 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களை அறுத்தெடுத்தார்கள். பிறகு 1820-களில் உஸ்மானியருக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போரில், குண்டு வார்க்க ஈயம் தேடிச் சுவர்க்கற்களை உடைத்த கதையும் உண்டு.

## பாலானோஸ் செய்த பழுது

1894-இல் நிலநடுக்கம். அதன்பின் நிக்கோலாஸ் பாலானோஸ் என்ற பொறியாளர் பொறுப்பேற்று, 1898 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்ரோபொலிஸில் வேலை செய்தார். வடபுறத் தூண்வரிசையை 1922-க்கும் 1933-க்கும் இடையில் திரும்ப நிறுத்தியவர் அவரே. இன்று உலகம் அறிந்த பார்த்தெனானின் தோற்றம் பெருமளவு அவர் கைவேலை. அவரைக் கோமாளியாகச் சித்திரிப்பது இப்போது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் காலத்தில் இரும்பும் சிமென்ட்டும்தான் நவீனம், ஐரோப்பா முழுக்க அப்படித்தான் செய்தார்கள். ஆனால் விளைவு விளைவுதான். தவறுகள் மூன்று.

முதலாவது, இரும்பை ஈயம் பூசாமல் வைத்தார். பற்றுக்கட்டைகள் மட்டுமல்ல, உடைந்த உத்தரங்களைத் தாங்க நீள நீளமான இரும்பு விட்டங்களையும் கல்லுக்குள் செருகிச் சிமென்ட்டால் மூடினார். வீட்டு சன்ஷேடில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்போம். அதே சங்கதிதான். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கல்லுக்குள் இடம் ஏது? உள்ளிருந்து நெம்பிப் பிளந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய கற்கள் அறுபது எழுபது ஆண்டில் வெடித்தன.

இரண்டாவது, கற்களை இடம் மாற்றினார். கீழே கிடந்தவற்றில் அளவு ஒத்து வந்ததை எடுத்து வைத்தார். ஏன் அது ஒத்துவராது என்பதை மேலே பார்த்தோம்.

மூன்றாவதுதான் திருத்தவே முடியாதது. உடைந்த கல்லோடு புதுத் துண்டை ஒட்ட, பழைய கல்லின் முறிந்த முகத்தை அவர் காலத்தில் நேராக வெட்டிச் சமமாக்கினார்கள். முறிவின் மேடுபள்ளம் போய்விட்டால், அதன் மறுபாதி பிறகு எங்காவது கிடைத்தாலும் சேர்த்துப் பார்க்க வழியில்லை.

இதற்கிடையே காற்றும் கெட்டது. வாகனப் புகையிலும் எண்ணெய் எரிப்பிலும் வரும் கந்தக டை ஆக்சைடு, ஈரத்தோடு சேர்ந்து பளிங்கின் கால்சியம் கார்பனேட்டை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் பளிங்கைவிட எளிதில் தண்ணீரில் கரையும். மழை படும் முகத்தில் ஒவ்வொரு மழைக்கும் ஒரு படலம் கழுவிப் போகும். சிற்பத்தின் மூக்கும் மடிப்பும் மழுங்கும். மழை படாத முகத்தில் ஜிப்சம் புகைக்கரியைப் பிடித்துக்கொண்டு கறுப்பு ஏடாக இறுகும். எரெக்தியத்தின் பெண்ணுருவத் தூண்களின் முகங்கள் இப்படித்தான் கரைந்தன.

## 1975-க்குப் பிறகு: ஒரு கல் கடக்கும் வழி

1975-இல் கிரேக்க அரசு அக்ரோபொலிஸ் நினைவுச் சின்னங்களுக்கென்று தனிக் குழு அமைத்தது. கட்டடக் கலைஞர், பொறியாளர், தொல்லியலாளர், வேதியியலாளர் எல்லாரும் அதில் உண்டு. முதலில் எரெக்தியம், 1979 முதல் 1987 வரை. பிறகு பார்த்தெனான், ப்ரொபிலேயா, நைக்கி.

அடிப்படை விதி, நினைவுச் சின்னங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறியான 1964-இன் வெனிஸ் சாசனத்திலிருந்து வருகிறது: சிதறிக் கிடக்கும் பழைய உறுப்புகளைத் திரும்பச் சேர்க்கலாம், புதிதாகக் கட்டக் கூடாது, சேர்த்த புதுப்பொருள் எது என்று அடையாளம் தெரிய வேண்டும். இதோடு ஏதென்ஸ் குழு தானாகச் சேர்த்தது, செய்த எதையும் நாளை ஒருவர் பழைய கல்லுக்குச் சேதமின்றிப் பிரித்தெடுக்க முடிய வேண்டும் என்பது. பாலானோஸ் கற்றுக்கொடுத்த பாடம் அது.

நடைமுறையில் ஒரு கல்லுக்கு நடப்பது இது:

1. அளந்து, வரைந்து, படமெடுத்து, எண்ணிட்டு, கீழே இறக்குகிறார்கள். கல் பல டன் எடை இருக்கலாம். உள்ளே விரிசல் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் தூக்க முடியாது.

2. பாலானோஸ் வைத்த இரும்பையும் சிமென்ட்டையும் நீக்குகிறார்கள். அவசரப்பட்டு நெம்பினால் கல்லும் கூடவே வரும்.

3. கல்லின் உண்மையான இடத்தைத் தேடுகிறார்கள். சுவர்க்கற்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பற்றுக்கட்டைக் குழிகள் கையால் வெட்டியவை. விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது கல்லுக்குக் கல் மாறும். இந்தக் கல்லின் பாதிக் குழியும் அந்தக் கல்லின் பாதிக் குழியும் நேருக்கு நேர் வந்தால், அவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. கைரேகை போல இதை வைத்தே பல கற்களுக்குச் சொந்த இடம் கண்டுபிடித்தார்கள்.

4. உடைந்த துண்டுகளைத் துளையிட்டு, மரையுள்ள டைட்டானியத் தண்டுகளைச் செலுத்தி, வெள்ளைச் சிமென்ட் கலவையால் சேர்க்கிறார்கள்.

5. காணாமல் போன பகுதிக்குப் புதுப் பளிங்கு. அதே மலையின் டியோனிசோஸ் குவாரியிலிருந்து வருகிறது. இங்கேதான் பாலானோஸ் முறை தலைகீழாகிறது. பழைய முறிவைத் தொடவே மாட்டார்கள். அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் புள்ளி புள்ளியாக அளவுக்கருவியால் புதுக்கல்லுக்கு மாற்றி, புதுக்கல்லைத்தான் செதுக்குகிறார்கள். கடைசிச் சில மில்லிமீட்டர் உளிதான். ஒரு துண்டுக்கே மாதக்கணக்கில் ஆகலாம். தாமதத்தின் பெரும் பங்கு இந்த ஒரு படியில்தான் இருக்கிறது.

6. திரும்ப ஏற்றி, டைட்டானியப் பற்றுக்கட்டையால் இணைக்கிறார்கள்.

டைட்டானியம் ஏன்? துருப்பிடிக்காது. எடை இரும்பில் பாதியைவிடச் சற்றே கூட. வெப்பத்தில் விரிவதும் இரும்பைவிடக் குறைவு, பளிங்கோடு ஒத்துப்போகும். பலம் அதிகம் என்பதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பலம் அதிகமானாலும் ஆபத்துதான். நிலநடுக்கம் வந்தால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். உலோகம் கல்லைவிட வலுவாக இருந்தால் கல் உடையும். எனவே கல் தெறிப்பதற்கு முன்னால் டைட்டானியம் வளையும்படி தண்டின் தடிமனையும் எண்ணிக்கையையும் கணக்கிட்டு வைக்கிறார்கள். உலோகத்தை மாற்றலாம், கல்லை மாற்ற முடியாது. 1981 நிலநடுக்கத்தில் பார்த்தெனான் அடிபட்ட பிறகு இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்கவில்லை.

கறுப்பு ஏட்டை எடுப்பது தனிக்கலை. தண்ணீர், மணல்வீச்சு எதுவும் ஆகாது. ஏட்டுக்கு அடியில் சிற்பியின் உளித்தடம் இருக்கிறது. லேசர் கொண்டு எடுக்கிறார்கள். அகச்சிவப்புக் கதிர் மட்டும் அடித்தால் கல் மஞ்சளிக்கிறது. புற ஊதா மட்டும் அடித்தால் சாம்பல் நிறம் பாய்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் சரியான விகிதத்தில் அடிக்கும் கருவியைக் கிரீட் தீவின் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள்.

## கல் தாங்கினாலும் கூட்டம்?

சிற்பங்களைப் பொறுத்தவரை முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. எரெக்தியத்தில் எஞ்சிய ஐந்து பெண்ணுருவங்களும் 1979-இல் இறக்கப்பட்டன; ஆறாவது, எல்ஜின் கொண்டுபோனது, லண்டனில். மேலே நிற்பவை நகல்கள். 2009-இல் திறந்த அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் மூலங்களைப் பார்க்கலாம்.

கூட்டம் வேறு பிரச்சினை. 2023 செப்டம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு, மணிவாரி நுழைவு. கோடையில் வெயில் மிஞ்சினால் நடுப்பகலில் மூடுகிறார்கள். பாறை மட்டும் லட்சக்கணக்கான காலடி பட்டு வழுவழுப்பாகிவிட்டது. 2020-இல் அதன்மேல் விரிந்த கான்கிரீட் பாதைகளைப் போட்டது பெரிய சர்ச்சையானது. அடியில் பிரிப்புப் படலம் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது அரசுத் தரப்பின் வாதம். தொழில்நுட்பமாக அது சரியாக இருக்கலாம். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி வேண்டும் என்ற நல்ல காரணத்துக்குத் தேவையானதைவிட அகலமாகவே அது விரிந்திருக்கிறது என்பது என் கருத்து. பாறையின் மேடுபள்ளங்களும் அந்தக் கோட்டையின் பகுதிதான். போட்ட அதே ஆண்டுக் கடைசியில் மழைநீர் தேங்கி நின்றதும் வடிகாலைப் பற்றிய கேள்வியைத் திரும்பக் கிளப்பியது.

## படத்தில் என்ன பார்க்கலாம்

அடுத்த முறை பார்த்தெனானின் தெளிவான படம் கண்ணில் பட்டால் பெரிதாக்கிப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது டியோனிசோஸ் குவாரியின் புதுக்கல். அது பழைய கல்லைச் சந்திக்கும் கோடு வளைந்து நெளிந்து போனால் இன்றைய வேலை. தேங்காய் மூடிபோல நேராக வெட்டுண்டு சேர்ந்திருந்தால் பாலானோஸ் காலம். தேன் நிறம், பளிங்கில் இயல்பாக இருக்கும் சிறிதளவு இரும்பு காலப்போக்கில் கொடுத்தது. உத்தரத்தின் அடியிலும் சிற்பத்தின் இடுக்கிலும் கறுப்பு இருந்தால், அங்கே மழை எட்டுவதில்லை.

இணைப்பின் ஓரத்தில் செம்பழுப்புக் கறை கசிந்திருந்தால், உள்ளே பழைய இரும்பு இன்னும் இருக்கலாம்.